பிரஸ் டூல் கோளாறுகள்: பீஸைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

"அண்ணே, பர் வருது. ரேமை ஒரு கால் சுத்து இறக்கட்டுமா?"

பிரஸ் ஷாப்பில் டூல் ரூம் வேலை பார்க்கும் எவரும் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "வேணாம் தம்பி. மொதல்ல ஸ்லக்கைக் கொண்டா."

பிசிறு (பர், அதாவது வெட்டு ஓரத்தில் துருத்தி நிற்கும் உலோகம்) வந்தாலும், மடிப்பு விரிந்தாலும், எழுத்துக் குத்து சரியாக விழாவிட்டாலும் ரேமை, அதாவது பிரஸ்ஸில் மேலும் கீழும் இயங்கும் பகுதியை, இறக்குவது நம் ஷாப்களில் ஊறிப்போன பழக்கம். அரை மணி நேரம் பலன் தருவதுபோல் தெரியும். அதற்குள் பஞ்ச் (ரேமோடு இறங்கி வெட்டும் மேல் பாகம்) டைக்குள் (தகட்டைத் தாங்கும், துளையுள்ள கீழ்ப் பாகம்) தேவையில்லாத ஆழம் போய் இரண்டின் பக்கச் சுவரும் தேய்ந்திருக்கும். மடிப்பு டூலாக இருந்தால் பிரஸ் ஃபிரேமே சுமை தாங்கிக்கொண்டிருக்கும். காரணம் அப்படியே இருக்க, கோளாறு மட்டும் பெரிதாகும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

மோட்டாரை நிறுத்தினால் பிரஸ் நின்றதாக அர்த்தமில்லை. ஃப்ளைவீல் முழுதும் ஓய்ந்து நிற்கும்வரை அதில் ஒரு ஸ்டிரோக்குக்குத் தேவையான சக்தி இருக்கிறது. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுங்கள். ஃப்ளைவீல் நின்றதும் ரேமுக்கும் போல்ஸ்டருக்கும் (டூல் உட்காரும் மேசைத் தட்டு) நடுவே சேஃப்டி பிளாக் வையுங்கள். அதன் பிறகுதான் விரல் உள்ளே போக வேண்டும். விரல் இழந்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஒருவர்கூட அவசரம் இல்லாத நேரத்தில் இழக்கவில்லை.

அடுத்து மூன்று பொருள்களை எடுத்து வையுங்கள்: கடைசியாக வந்த நல்ல பீஸ், முதலில் கெட்டுப்போன பீஸ், அந்த இரண்டுக்கும் உரிய ஸ்லக். ஸ்லக் என்றால் துளையிடும்போது கீழே விழும் துண்டு. பல ஷாப்களில் இது நேரே ஸ்கிராப் தொட்டிக்குப் போய்விடுகிறது. பாதிச் சாட்சி அதோடு போய்விடும்.

பிசிறு வருகிறது

தகடு வெட்டுப்படும் விதத்தை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிது. பஞ்ச் தகட்டைக் கத்திபோல் முழுதாக அறுப்பதில்லை. முதலில் தகடு சற்றே அமுங்கி ஓரம் வளைகிறது. பிறகு பஞ்ச் உள்ளே இறங்கி, தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வழித்து வெட்டுகிறது. இந்தப் பட்டைதான் வெட்டுமுகத்தில் பளபளப்பாகத் தெரியும். அதற்குள் பஞ்ச் விளிம்பிலிருந்தும் டை விளிம்பிலிருந்தும் விரிசல் கிளம்பி, நடுவில் ஒன்றையொன்று சந்தித்து மிச்சத்தை உடைக்கிறது. அந்தப் பகுதி மங்கலாக, சொரசொரப்பாக, கொஞ்சம் சாய்ந்து இருக்கும். கடைசி ஓரத்தில் நிற்பது பிசிறு.

இப்போது துளை உள்ள தகட்டை ஒரு கையிலும் அதிலிருந்து விழுந்த ஸ்லக்கை இன்னொரு கையிலும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். துளையின் அடிப்பக்கத்தில் பிசிறு அதிகம் என்றால் மழுங்கியது டை. ஸ்லக்கின் மேல்முகத்தில் அதிகம் என்றால் மழுங்கியது பஞ்ச். இரண்டிலும் இருந்தால் இரண்டுமே. மழுங்கிய விளிம்பில் விரிசல் நேரத்துக்குக் கிளம்புவதில்லை. எதிர்ப்பக்கத்து விரிசல் தனியாக ஓடிவந்து விளிம்பைத் தவறவிட, அந்த இடத்தில் உலோகம் இழுபட்டு நிற்கிறது. இந்த ஒரு விதி தெரிந்தால் தேவையில்லாமல் இரண்டையும் கழற்றிச் சாணை பிடிக்கும் வேலை பாதி குறையும்.

உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. விளக்கை விளிம்புக்கு நேராகப் பிடியுங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, கறுப்புக் கோடாகவே தெரியும். மழுங்கியதில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். விரல் நகத்தை விளிம்பின் மேல் மெதுவாக இழுத்தால் கூரான பஞ்ச் நகத்தைச் சீவும், மழுங்கியது வழுக்கும்.

பிசிறு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கூர் காரணமில்லை. பஞ்ச் டையின் நடுவில் நிற்கவில்லை. ஸ்லக்கைச் சுற்றிலும் பளபளப் பட்டையின் அகலத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் பட்டை அகலமோ அந்தப் பக்கம் கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் இடையிலான இடைவெளி, குறைவு. எதிர்ப்பக்கம் ஓரம் நன்றாக வளைந்து, பிசிறு நீண்டு நிற்கும். கைடு பில்லர், புஷ் (டூலின் இரு பாதியையும் நேராக வழிநடத்துபவை) தேய்ந்திருக்கிறதா, ரேம் கிப்பில் (ரேம் சறுக்கும் தடம்) ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். சி-ஃபிரேம் பிரஸ் என்றால் இன்னொன்றும் உண்டு. சுமை ஏறும்போது அந்த ஃபிரேம் வாய் திறப்பதுபோல் முன்பக்கம் விரியும். பஞ்சும் கூடவே சாயும். சும்மா சுற்றிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும், தகடு வைத்து அடிக்கும்போதுதான் விலகும். அதனால் அப்படிப்பட்ட பிரஸ்ஸில் அதன் டன்னேஜில் (பிரஸ் தரக்கூடிய அதிகபட்ச விசை) முக்கால் பங்குக்கு மேல் வேலை ஏற்றுவதை நான் தவிர்த்துவிடுவேன்.

சுற்றிலும் சீராகப் பிசிறு, ஆனால் விளிம்புகள் கூர்தான். அப்போது கிளியரன்ஸ் அளவே தப்பு. வெட்டுமுகத்தில் இரண்டு பளபளப் பட்டைகள், நடுவில் ஒரு மங்கல் கோடு தெரிந்தால் கிளியரன்ஸ் போதவில்லை. விரிசல்கள் சந்திக்காமல் ஒன்றையொன்று கடந்துபோய், நடுவில் நின்ற உலோகம் இரண்டாம் முறை வெட்டுப்பட்டிருக்கிறது. பட்டை ஒல்லியாகி, ஓரம் பெரிதாக வளைந்து, உடைந்த முகம் அதிகம் சாய்ந்திருந்தால் கிளியரன்ஸ் அதிகம்.

கணக்கு இதுதான். சாதாரண சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய) தகட்டுக்கு ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம். 1.2 மி.மீ. தகட்டில் 12 மி.மீ. துளை என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீதம் என்றால் ஒரு பக்கம் 0.084, இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 0.17. துளையின் அளவைத் தீர்மானிப்பது பஞ்ச். எனவே பஞ்ச் 12.00, டை 12.17. அதே அளவில் பிளாங்க் (வெட்டி விழும் துண்டே நமக்கு வேண்டிய பீஸ்) வெட்ட வேண்டுமென்றால் அளவு டையுடையது. டை 12.00, பஞ்ச் 11.83. இதை மாற்றிப் போட்டுவிட்டு, பீஸ் அளவு சரியில்லை என்று பிரஸ்ஸைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பிசிறு வரை விடலாம்? டிராயிங்கில் சொல்லியிருந்தால் அதுதான். சொல்லாவிட்டால் தடிமனில் 10 சதவீதம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளும் எல்லை. அதை எட்டும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சாணைக்கு எடுத்தால் 0.1, 0.15 மி.மீ. எடுப்பதிலேயே கூர் திரும்பும். விட்டுவிட்டால் விளிம்பு உருண்டுபோய் அரை மி.மீ. எடுக்க வேண்டியிருக்கும். டூலின் ஆயுள் அதில்தான் கரைகிறது.

சாணையில் அவசரம் வேண்டாம். பஞ்சும் டையும் டி2 என்ற டூல் எஃகு, 58 முதல் 62 ராக்வெல் சி கடினம். ஒரு பாஸுக்கு 0.01 மி.மீ. அளவில், சாணை வீலை டிரெஸ் செய்து (அதன் முகத்தைச் சீராக்கி), கூலன்ட் தாராளமாக விட்டு எடுங்கள். முகம் நீலமாக மாறினால் சூடேறிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே உட்கார்ந்திருக்கும், பத்தாயிரம் ஸ்டிரோக்குக்குள் விளிம்பு பிளந்து விழும். முடித்ததும் காந்தத்தை நீக்குங்கள். எடுத்த உயரத்துக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுங்கள். புரோகிரசிவ் டூலில் (தகட்டுப் பட்டை ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு வேலை நடக்கும் டூல்) இது கட்டாயம். வெட்டும் ஸ்டேஷன் தாழ்ந்துவிட்டால் பக்கத்து மடிப்பு ஸ்டேஷனோடு மட்டம் மாறி, அடுத்த கோளாறை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

பீஸின் மேல் குழி, தழும்பு

முதலில் பத்து பீஸை வரிசையாக அடுக்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் குழி என்றால் டையிலோ ஸ்ட்ரிப்பரிலோ (பஞ்சிலிருந்து தகட்டைக் கழற்றிவிடும் தட்டு) ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைத்துப் பாருங்கள், போய்விடும். குழி இடம் மாறி மாறி வந்தால் ஸ்லக் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து தகட்டின் மேல் விழுகிறது.

எண்ணெய்ப் படலம் பஞ்ச் முகத்தில் ஸ்லக்கைப் பிடித்துக்கொள்வது ஒரு காரணம். சாணைக்குப் பிறகு காந்தம் நீக்காதது இன்னொன்று. கிளியரன்ஸ் அதிகமானால் ஸ்லக் டை சுவரில் இறுகாமல் தளர்ந்திருக்கும், அதனாலும் ஏறி வரும். பஞ்ச் டைக்குள் போதுமான ஆழம் போகாமல் ஸ்லக்கை வாசலிலேயே விட்டுவிட்டாலும் இதுதான் நடக்கும். (ரேமைச் சற்று இறக்குவது உண்மையில் மருந்தாகும் ஓர் இடம் இது. அதையும் ஃபீலர் கேஜ் அளவில் செய்யுங்கள்.) பஞ்சின் நடுவில் ஸ்பிரிங் பின் வைப்பதுதான் நிலையான தீர்வு. பஞ்ச் அதற்கு இடமில்லாத அளவு சிறியதென்றால் நடுவில் காற்றுத் துளை விடலாம்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஸ்லக் கீழே இறங்காமல் அடைத்துக்கொள்வது. மேலே வந்தால் பீஸ் கெடும், கீழே அடைத்தால் டையே போகும். ஒரு ஷாப்பில் புது செட்டர் ஒருவர் டைக்கு அடியில் பேரலல் பிளாக் வைக்கும்போது ஒரு துளையின் பாதியை மறைத்துவிட்டார். ஸ்லக் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு இரும்புக் கம்பிபோல் ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் பெரிய சத்தம். போய்ப் பார்த்தால் டை இன்செர்ட் துளையிலிருந்து ஓரம்வரை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவின் நடுவில் ஸ்லக்குகள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றன. அன்றிலிருந்து டூலை ஏற்றியதும் மேலிருந்து ஒவ்வொரு டைத் துளைக்குள்ளும் டார்ச் அடித்து, தரை தெரிகிறதா என்று பார்க்காமல் நான் முதல் ஸ்டிரோக் விடுவதில்லை. டையில் நேர்ச்சுவர் 3 முதல் 5 மி.மீ. இருந்தால் போதும், அதற்குக் கீழே துளை விரிந்துகொண்டே போக வேண்டும்.

மடிப்புக் கோணம் நிற்கவில்லை, மடிப்பில் வெடிப்பு

90 டிகிரி மடித்தது 92 ஆக விரிவது தகட்டின் இயல்பு. பஞ்ச் விலகியதும் மீள்தன்மை உள்ள பகுதி திரும்பிக்கொள்கிறது. சாதாரண எஃகில் ஓரிரு டிகிரி, வலு கூடிய எஃகில் இன்னும் அதிகம். டூலிலேயே சற்று அதிகமாக மடிப்பது அல்லது மடிப்பு ஆரத்தில் ஒரு சிறு அழுத்தக் கோடு கொடுத்து நிறுத்துவது தீர்வு.

ரேமை இறக்கி இதைச் சரி செய்யப் பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்கிறேன். மெக்கானிக்கல் பிரஸ்ஸின் பெயர்ப்பலகையில் உள்ள டன்னேஜ், ரேம் அடிமட்டத்துக்குச் சில மி.மீ. முன்பிலிருந்துதான் கிடைக்கும். ஆனால் அடிமட்டத்தை நெருங்க நெருங்க முழங்கால் மூட்டு நேராவதுபோல் விசை வரம்பின்றி ஏறும். அங்கே தகடு ஏற்கெனவே டையில் அமர்ந்துவிட்டது. இன்னும் கால் சுற்று இறக்கினால் அந்த விசை முழுதையும் கிராங்க்கும் ஃபிரேமும் வாங்குகின்றன.

கோணம் காலையில் சரி, காயில் (சுருட்டிய தகடு) மாற்றியதும் மாறுகிறது என்றால் டூலைத் தொடாதீர்கள். மைக்ரோமீட்டரில் இரண்டு காயிலையும் அளந்து பாருங்கள். தடிமனில் 0.05 மி.மீ. வித்தியாசமே கோணத்தை மாற்றும்.

மடிப்பின் வெளிப்பக்கம் வெடித்தால் இரண்டு கேள்வி. மடிப்புக் கோடு ரோலிங் திசைக்கு இணையாக ஓடுகிறதா? தகட்டின் மேல் மெல்லிய கோடுகள் தெரியும், அவைதான் ரோலிங் திசை. மடிப்பு அதற்குக் குறுக்கே இருப்பது நல்லது, முடியாவிட்டால் 45 டிகிரியிலாவது பிளாங்கைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டாவது, பிசிறு உள்ள பக்கம் வெளியே இருக்கிறதா? பிசிறில் ஏற்கெனவே நுண்விரிசல்கள் உண்டு. அதை வெளியே வைத்து இழுத்தால் அங்கிருந்துதான் கிழியும். பீஸைத் திருப்பிப் போட்டுப் பிசிறை உள்பக்கமாக்கினால் எத்தனையோ வெடிப்புகள் ஒரு பைசா செலவின்றி நின்றிருக்கின்றன.

டிராவில் சுருக்கம், கிழிசல்

கிண்ணம்போல் இழுக்கும் வேலையில் இரண்டு கோளாறும் ஒரே தராசின் இரு தட்டுகள். விளிம்பைப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரில் அழுத்தம் குறைந்தால் சுருக்கம், அதிகமானால் தகடு உள்ளே நகர முடியாமல் அடி ஆரத்தில் கிழிசல். சுருக்கமும் கிழிசலும் ஒரே பீஸில் வந்தால் குழம்ப வேண்டாம். விளிம்பு சுருங்கித் தடித்து டை வாசலில் சிக்கிக்கொள்ள, சுவர் கிழிகிறது. அப்போது அழுத்தத்தைக் குறைத்தால் மோசமாகும், கூட்ட வேண்டும். ஹோல்டர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிழிசல் எந்த அழுத்தத்திலும் நிற்கவில்லையென்றால் கணக்கைப் பாருங்கள். முதல் இழுப்பில் பிளாங்க் விட்டம் கிண்ண விட்டத்தைப் போல் 1.8 மடங்கு வரை நிம்மதியாகப் போகலாம், 2-ஐ நெருங்கினால் நல்ல டிரா தரத் தகடு வேண்டும். 100 மி.மீ. பிளாங்க்கில் 55 மி.மீ. கிண்ணம் என்றால் விகிதம் 1.82. உயரம் ஏறத்தாழ 32 மி.மீ. கிடைக்கும். வாடிக்கையாளர் அதே விட்டத்தில் 45 மி.மீ. உயரம் கேட்டால் ஒரே அடியில் வராது, இரண்டாவது டிரா வேண்டும் என்று கொட்டேஷன் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். டை ஆரம் தடிமனைப் போல் 4 மடங்குக்கும் கீழே இருந்தாலும் கிழியும். தகட்டின் தரமும் முக்கியம். ஐ.எஸ். 513-இல் பழைய பெயரில் டி, டிடி, இடிடி என்று இருந்தவற்றில் ஆழ இழுப்புக்குக் கடைசிதான். சர்டிஃபிகேட்டைப் பாருங்கள். மலிவாகக் கிடைத்த டி தரத்தை வைத்துக்கொண்டு டூலைக் குறை சொல்வது நியாயமில்லை.

எவர்சில்வர் டம்ளர், டபரா இழுப்பவர்களுக்கு ஒரு தனிக் கோளாறு உண்டு. மாலையில் அடுக்கிவைத்த கிண்ணம் நன்றாக இருக்கும், காலையில் வந்து பார்த்தால் வாய் விளிம்பிலிருந்து நேராகக் கீழே வெடித்திருக்கும். யாரும் தொடவில்லை. நிக்கல் குறைந்த 200 வரிசை ஸ்டெயின்லெஸ்ஸில் இது வரும். இழுக்கும்போது உலோகத்தின் ஒரு பகுதி கடினமான வேறு அமைப்பாக மாறுகிறது, விளிம்பில் இழுவிசை தேங்கி நிற்கிறது, மணிக்கணக்கில் கழித்து வெடிக்கிறது. டூலில் தேடினால் கிடைக்காது. இழுப்பைக் குறைத்து இரண்டாகப் பிரியுங்கள், இழுத்த உடன் அனீல் செய்யுங்கள் (சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துங்கள்), அல்லது 304-க்கு மாறுங்கள்.

ஸ்டெயின்லெஸ் சுவரில் நீளக் கீறல்கள் விழுந்தால் தகடு டையில் ஒட்டிப் பற்றிக்கொள்கிறது. டை வாயை விரலால் தடவினால் பரு தட்டுப்படும். அதைக் கல்லால் தேய்த்து இழுப்புத் திசையில் பாலிஷ் போட்டு, கெட்டியான டிரா எண்ணெயோ தகட்டில் பிளாஸ்டிக் ஃபிலிமோ பயன்படுத்துங்கள். தொடர்ந்து வந்தால் அலுமினியம் பிரான்ஸ் வளையம் போடுவது நல்ல முதலீடு.

இழுத்த பிறகு சாதாரண எஃகின் முகத்தில் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள் தெரிந்தால் தகடு ஸ்டோரில் நாள்பட்டுவிட்டது. பழைய காயிலை வெளியே தெரியாத பாகங்களுக்கு ஒதுக்குங்கள்.

துளை இடம் விலகுகிறது

ஸ்டிரிப்பை (தகட்டுப் பட்டை) வெட்டாமல் ஐந்தாறு பிட்ச் (ஒரு ஸ்டிரோக்குக்குத் தகடு நகரும் தூரம்) ஓட்டி, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். விலகல் பிட்சுக்குப் பிட்ச் கூடிக்கொண்டே போனால் ஃபீட் நீளம் தப்பு. கூடியும் குறைந்தும் வந்தால் பைலட் (முன்பே போட்ட துளைக்குள் இறங்கித் தகட்டை இடத்தில் நிறுத்தும் பின்) இறங்கும் நேரத்தில் ஃபீடர் ரோல் தகட்டை விடுவிக்கவில்லை. பைலட் துளையின் ஓரம் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அதுவேதான். ரோல் திறக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

பஞ்ச் அடிக்கடி உடைகிறது

உடைந்த இடம் காரணம் சொல்லும். நுனி விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் மையம் விலகியிருக்கிறது. தலையில் ஒடிந்தால் ஹோல்டரில் ஆடுகிறது அல்லது தலைக்கு அடியில் ஆரம் இல்லாமல் கூர்மையான மூலை விட்டிருக்கிறார்கள். நடுவில் ஒடிந்தால் பெரும்பாலும் தகட்டை விட்டு மேலே வரும்போதுதான். ஸ்ட்ரிப்பர் சாய்ந்திருக்கிறது. ஸ்பிரிங்குகளைக் கழற்றி உயரம் ஒப்பிடுங்கள், ஒன்று தளர்ந்திருக்கும். தடிமனைவிடச் சிறிய விட்டத்தில் துளை கேட்டால் டிரில் போடச் சொல்வதே நேர்மை.

பல பஞ்சுகள் ஒரே நொடியில் வெட்டி, பிரஸ் ஒவ்வொரு அடிக்கும் தரையதிரச் சத்தம் போடுகிறதா? தகடு உடைந்த கணத்தில் ஃபிரேமில் தேங்கிய விசை திடீரென விடுபடுகிறது. சில பஞ்சுகளை ஏறத்தாழ ஒரு தகடு தடிமன் அளவு குட்டையாக்கி, இரண்டு மூன்று தவணையாக வெட்டும்படி செய்யுங்கள். ஒல்லிப் பஞ்சுகளைக் குட்டையானவற்றில் வையுங்கள்.

மறுபடி ஓட்டுவதற்கு முன்

சேஃப்டி பிளாக்கை எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள், ஸ்பேனரையும்தான். இன்ச்சிங்கில் (கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி) ஒரு முழுச் சுற்று விடுங்கள். முதல் ஐந்து பீஸையும் அவற்றின் ஸ்லக்கையும் எடுத்து, நல்ல பீஸோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டூல் கார்டில் தேதி, என்ன அறிகுறி, எந்தப் பக்கம், எவ்வளவு சாணை, எவ்வளவு ஷிம் என்று எழுதுங்கள். ஐந்தாவது பீஸையும் அதன் ஸ்லக்கையும் கம்பியில் கோத்து டூலோடு கட்டிவிடுங்கள். அடுத்த ஷிஃப்ட் செட்டர் பிசிறைப் பார்க்கும்போது ஒப்பிட அவர் கையில் ஒரு நல்ல பீஸ் இருக்கும்.